செவ்வாய்க்கிழமை வரிசை

06.08.2025
துணை சுகாதார நிலையம்

தென்றலுக்கு,

நர்ஸ் எவாஞ்சலின் எழுதுகிறேன். எனக்கு ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். போன மாதம் இருபத்திரண்டாம் தேதி உன் கர்ப்பிணி அட்டையை என் மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனவள், அதற்கப்புறம் வந்த இரண்டு செவ்வாய்க்கிழமையும் பரிசோதனைக்கு வரவில்லை. அதனால் அங்கன்வாடி டீச்சர் சூசையம்மாளிடம் சொல்லி, உன் சத்துமாவு பாக்கெட்டோடு இதை அனுப்புகிறேன். உன் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது என்று அவள் சொன்னாள். தெரிந்தாலும் எனக்கொன்றும் பயமில்லை.

வரிசையில் அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டேன் என்றுதானே கோபம்? கோபப்படு. ஆனால் உன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார். மாத்திரை ஆரம்பித்த மே மாதம் 9.4 இருந்தது. ஜூனில் 8.9. ஜூலையில் 8.3. இரும்பு மாத்திரை தினமும் போடுகிறவளுக்கு ஏறும், இல்லாவிட்டால் நிற்கவாவது நிற்கும். உனக்கு இறங்குகிறது. அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ ஷிப்டுக்குப் போயிருந்தாய். உன் மாமியார் மரகதம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நான் ஒரு நாளும் அவ மாத்திரை போட்டுப் பாத்ததில்ல சிஸ்டர்." வீட்டில் காலி மாத்திரை அட்டை ஒன்றுகூட இல்லை. நான் என்ன நினைப்பேன்?

மாத்திரை போட்டால் வெளிக்குக் கறுப்பாகப் போகும். அதைத்தான் கேட்டேன். எல்லாக் கர்ப்பிணியிடமும் கேட்பதுதான். நீ "போகுது" என்றாய். "அப்படிச் சொல்லணும்னு எவ சொல்லிக் கொடுத்தா?" என்று நான் கேட்டது கொஞ்சம் அதிகம்தான். சத்தமும் அதிகம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இருபத்தாறு வருஷமாக இதைப் பார்க்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் ராஜாமணி என்று ஒருத்தி. "தினம் போடுறேன் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப்போனாள். காரியம் முடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது, கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகளைக் குவியலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து "போடுறேன்" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வருகிறது.

முருங்கைக்கீரை, முட்டை, கடலைமிட்டாய், நெல்லிக்காய். எல்லாம் உன் அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்க்காதே, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடு. வரும் செவ்வாய் வா. இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றிவிடலாம், நாலு தடவை வந்தால் போதும். உனக்காக வராவிட்டாலும் உள்ளே இருப்பதற்காக வா.

எவாஞ்சலின்


10.08.2025
ஞாயிறு

கிராம சுகாதார செவிலியர் அவர்களுக்கு,

சிஸ்டர் என்று கூப்பிட இப்போது வாய் வரவில்லை.

நீங்கள் "கொஞ்சம் அதிகம்" என்று எழுதிய அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் எங்கள் தெரு. அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். "நர்சம்மாவே சொல்றாங்க, இவ மாத்திரையத் தூக்கிப் போட்டுக்கினு கீறான்னு. புள்ள இப்ப வேணாம்னு அன்னிக்கே சொன்னவதானே இவ." கல்யாணமான புதிதில், இரண்டு வருஷம் போகட்டும் என்று நான் அவரிடம் சொன்னேன். ஆமாம், சொன்னேன். வேலை நிலைக்கட்டும் என்று சொன்னேன். அதை அத்தை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்து, நீங்கள் கதவைத் திறந்துவிட்டதும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். வசந்தகுமாருக்கு லாரி கம்பெனியில்தான் குரல் வரும், வீட்டில் வராது.

நான் மாத்திரை போட்டேன். ஒரு நாள் விடாமல் போட்டேன். வீட்டில் அட்டை இல்லாததற்குக் காரணம், அது என் வேலைப் பையில் இருக்கிறது. கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு வரும். ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும். கார் ஒயர்களைக் கட்டும் வேலை, கை நிற்கக் கூடாது. எட்டரைக்கு கேன்டீனில் சாப்பாடு. நீங்கள் சொன்னபடி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, பத்து மணிக்கு டீ வந்ததும் மாத்திரையைப் போட்டுவிடுவேன். டீயை கெட்டிலில் நாங்கள் நிற்கும் இடத்துக்கே கொண்டுவருவார்கள். தண்ணீர் வேண்டுமானால் ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். லைனை விட்டு நகர வேண்டுமானால் மாற்று ஆள் வேண்டும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அதற்கும் மாற்று ஆள் வேண்டும். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. மாத்திரையை மட்டும் விட்டதில்லை.

வெளிக்குக் கறுப்பாகத்தான் போகிறது. இதைப் பேப்பரில் எழுதும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தீர்கள். போதுமா?

நாலு தடவை டிரிப்ஸுக்கு வா என்கிறீர்கள். நான் காண்ட்ராக்ட். சூப்பர்வைசர் நம்பிராஜன் இப்போதே வயிறு தள்ளும் என் கம்பெனி கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான். நாலு லீவு எடுத்தால் ஐந்தாவது நாள் கேட்டில் என் கார்டு வேலை செய்யாது.

நான் ராஜாமணி இல்லை. செத்துப்போன பொம்பளை மேல் உள்ள கோபத்தை என்மேல் காட்டாதீர்கள்.

தென்றல்


13.08.2025

தென்றலுக்கு,

சூசையம்மாள் நேற்று உன் கடிதத்தைக் கொடுத்தாள். பெரியவர்களுக்கு எழுதும் முறையா இது என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் வயிற்றுப் பிள்ளைக்காரி என்று விட்டுவிட்டேன்.

உன் கம்பெனி கதையெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஒரகடம் வயலாக இருந்த காலத்திலிருந்து இங்கே இருக்கிறேன். அந்தப் பஸ்ஸில் போகிற பெண்களுக்கெல்லாம் ரத்தம் பார்ப்பது நான்தான். எல்லோருக்கும்தான் லைன், எல்லோருக்கும்தான் சூப்பர்வைசர். அவர்களுக்கு ஏறுகிறதே? வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும் தென்றல், ரத்தம் பொய் சொல்லாது.

இனி எனக்கும் உனக்கும் வாக்குவாதம் வேண்டாம். உன் மாமியாரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். மாத்திரை அட்டை இனி அவர்கள் கையில் இருக்கும். தினமும் அவர்கள் கண்ணெதிரே போடு. வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இது உனக்குத் தண்டனை இல்லை. நீ உண்மை சொல்கிறாய் என்றால் உனக்கென்ன நஷ்டம்? அடுத்த மாதம் ரத்தம் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

எவாஞ்சலின்


07.09.2025
ஞாயிறு

செவிலியர் அவர்களுக்கு,

தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அத்தையோடு வந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தீர்கள். 7.4 என்று எழுதினீர்கள். உச்சுக்கொட்டி, அத்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். அந்தத் தலையாட்டலுக்கு வீட்டில் நான் இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்புகிறேனாம். இப்போது மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஏழு மாத வயிற்றோடு சமையற்கட்டில் நின்று, கன்றுக்குட்டி மாதிரி வாயைத் திறந்து காட்டுகிறேன்.

நீங்கள் சொன்னது எதையும் அத்தை தவறவிடவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். விடிகாலை நாலரைக்கு எழுப்புகிறார்கள். வெறும் வயிற்றில் கூடாது என்று இரண்டு பன்னும், ஒரு டம்ளர் டீயும். டீ ஆறிவிட்டால் மறுபடி சூடு பண்ணிக் கொடுக்கிறார்கள். மாத்திரையை என் நாக்கில் அவர்களே வைக்கிறார்கள். நான் டீயைக் குடித்து விழுங்கும்வரை தொண்டையையே பார்க்கிறார்கள். இருபத்து நாலு நாளாக இப்படித்தான்.

உங்கள் சாட்சியே பார்த்துக்கொண்டிருக்க 7.4க்கு இறங்கியிருக்கிறது. இப்போது யார் பொய் சொல்கிறார்கள்? அத்தையா, நானா, மாத்திரையா?

எனக்குப் பயமாக இருக்கிறது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. வெள்ளிக்கிழமை லைனில் கையிலிருந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியவில்லை. உங்களைத் தவிர இதை எழுத எனக்கு ஆள் இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

தென்றல்


09.09.2025

தென்றல்,

இப்போதுதான் படித்தேன். வெளியே வரிசை நிற்கிறது. நிற்கட்டும்.

டீ.

உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலேயே எழுதியிருக்கிறாய். பத்து மணிக்கு டீ வந்ததும் மாத்திரை போடுவேன் என்று தெளிவாக எழுதியிருக்கிறாய். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு உன் மரியாதைக் குறைவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

டீயோடு இரும்பு மாத்திரையைப் போட்டால் உடம்பில் சேராது அம்மா. டீயில் இருக்கும் துவர்ப்பு அந்தச் சத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடும். அதனால்தான் உனக்குக் கறுப்பாகவும் போயிற்று, ரத்தமும் இறங்கியது. மாத்திரைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. இது எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியும். உனக்கும் சொல்லியிருப்பேன். கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு, இடது பக்கம் படு, டீயைக் குறை என்று ஒரே மூச்சில், முப்பது பேருக்குச் சேர்த்து, ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே சொல்லியிருப்பேன். மாத்திரையை எதோடு விழுங்குகிறாய் என்று உன்னை ஒரு நாள் கேட்கவில்லை. வெளிக்குப் போவதைக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

அதற்குமேல் உன் மாமியாரைக் காவலுக்கு வைத்து இன்னும் இருபத்து நாலு நாள் டீயோடு கொடுக்க வைத்தேன்.

நாளையிலிருந்து தண்ணீரில் போடு. எலுமிச்சைச் சாறு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் இனி மாத்திரையை மட்டும் நம்ப நேரமில்லை. லீவு, கேட், கார்டு எதையும் யோசிக்காதே. வியாழக்கிழமை ஆட்டோ அனுப்புகிறேன், டிரிப்ஸ் ஏற்றியே ஆக வேண்டும். கண் இருட்டினால், மூச்சு வாங்கினால் என்னைக் கேட்காமல் நேராக பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

என்னை மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். எழுதுவது சுலபமாக இருந்தது, அதனால்தான் அடித்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் சர்வீஸ். நான் சொன்னது தப்பு என்று தெரிந்தால் நாளைக்கு இந்த ஊரில் எந்தப் பெண்ணும் என் பேச்சைக் கேட்டு மாத்திரை போட மாட்டாள்.

எவாஞ்சலின்


16.11.2025
ஞாயிறு

செவிலியர் அவர்களுக்கு,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்தது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும், உங்கள் ரிஜிஸ்டரில் ஒரு வரியாக இருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

நீங்கள் ஆட்டோ அனுப்பினீர்கள், வந்தேன். ஒரு டிரிப்ஸ் ஏறியது. அந்த வாரமே கார்டு வேலை செய்யவில்லை. இரண்டாவது டிரிப்ஸுக்கு மருந்து வருவதற்குள் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. செப்டம்பர் இருபத்தேழு. எட்டு மாதம் முடியவில்லை. எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோவுக்கும் குறைவு. இருபத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். முதல் நாலு நாள் நான் அவளைத் தொடவே இல்லை. பிழைத்துக்கொண்டாள். பால் குடிக்கப் பத்து நிமிஷம்கூடத் தெம்பில்லை, குடிக்கும்போதே தூங்கிவிடுகிறாள்.

டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒரு வரி இருக்கிறது. "இரும்புச்சத்து மாத்திரைகளை முறையாக உட்கொள்ளாத தாய்." உங்கள் ரிஜிஸ்டரிலிருந்து அவர்கள் எடுத்து எழுதியது. ஜூலையில் எழுதினீர்கள் போல. செப்டம்பரில் டீ என்று எனக்கு எழுதியவர், அந்த வரியை அடிக்க மறந்துவிட்டீர்கள்.

ஃபைலை என் வீட்டுக்காரர் அத்தைக்குப் படித்துக் காட்டினார். அன்றே உங்கள் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காட்டாதே என்று கேட்டீர்கள், அதுவரை காட்டவில்லை. நிதானமாகப் படித்தார். "இதுல சீல் இல்லியே தென்றல். ஃபைல்ல சீல் போட்டுக் கீது" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என்னையும் பிள்ளையையும் கூட்டிப்போக மணிமங்கலத்திலிருந்து என் அம்மா வந்தார்கள். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள் அத்தை. "வயித்துல வச்சே பட்டினி போட்டவ. வெளிய உட்டா இன்னா பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்? போறதுன்னா அவ போவட்டும், புள்ள வராது." பால் கொடுக்க மட்டும் என்னிடம் தருகிறார்கள். கொடுத்து முடித்ததும் வாங்கிக்கொள்கிறார்கள். நான் அவளைக் குளிப்பாட்டியதில்லை.

மன்னிப்பு வேண்டாம். எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். அந்த வரியை மாற்றுங்கள். அடுத்தது, ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசை நிற்கும்போது, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதே சத்தத்தில், தென்றல் மாத்திரை போட்டாள், தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். அது தெருவுக்கு வரட்டும். ஊர் சொன்னால் அத்தை கேட்பார்கள். என் பிள்ளையை எடுத்துக்கொண்டு நான் பத்து நாள் என் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் ஒன்றரை வருஷ சர்வீஸை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வருத்தமாக இல்லை.

தென்றல்


03.12.2025

தென்றலுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. முதல் செவ்வாய் சொல்லலாம் என்று எழுந்து நின்றேன். டாக்டரம்மா ஆய்வுக்கு வந்துவிட்டார்கள், உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் வராவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று சொன்னேன். இருபது பேர் இருந்தார்கள். "போன ஜூலையில் தென்றல் என்ற பெண்ணை இந்த இடத்தில் வைத்துப் பொய்க்காரி என்றேன். அவள் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டாள். டீயோடு போட்டாள். டீயோடு போடாதே என்று அவளுக்குப் புரியும்படி நான் சொல்லவில்லை. தப்பு என்னுடையது" என்றேன். நீ கேட்ட அதே சத்தத்தில்தான் சொன்னேன், தொண்டை கட்டிவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண், "தென்றல் யாரு சிஸ்டர்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் வரிசையைச் சரியாகப் பார்த்தேன். ஜூலையில் இருந்தவர்களில் ஒருத்திகூட இல்லை. முக்கால்வாசிப் பேர் பெற்றுக்கொண்டு போய்விட்டார்கள், மற்றவர்களுக்கு நேற்று முறை இல்லை. உன் தெருக்காரி பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வெளியூர், வாடகைக்கு வந்தவர்கள். உன்னை யாருக்கும் தெரியவில்லை. இருபது பேரும் உன் கதையை ஒரு பாடமாகக் கேட்டுக்கொண்டு, டீ கூடாது என்று அட்டையில் எழுதிக்கொண்டார்கள்.

என் நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, திருத்தி, கையெழுத்துப் போட்டேன். ஆனால் பிரசவம் பதிந்தபின் கம்ப்யூட்டரில் என்னால் அதைத் திறக்க முடியவில்லை. மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

இதெல்லாம் நீ கேட்டது இல்லை என்று தெரிகிறது. அதனால் வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். உன் மாமியாரிடம் நேராகச் சொல்கிறேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், இந்தத் தடவை உட்கார மாட்டேன்.

எவாஞ்சலின்


14.12.2025
ஞாயிறு

சிஸ்டர்,

சொன்னபடி வந்தீர்கள். அத்தை கொடுத்த டீயைத் தொடாமல், உட்காராமல் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னீர்கள். அழுதீர்கள். நான் உள்ளே கதவோரம் நின்று எல்லாம் கேட்டேன். இதற்குமேல் ஒரு மனுஷி சொல்ல முடியாது என்று எனக்கே தோன்றியது. அதனால்தான் மறுபடி சிஸ்டர் என்று எழுதுகிறேன்.

நீங்கள் தெருமுனை திரும்பும்வரை அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்கள்:

"பாவம், இன்னா மனசு அந்தம்மாவுக்கு! உன் வாழ்க்க கெட்டுடக் கூடாதேன்னு வூடு தேடி வந்து, தன் தலையில பழியப் போட்டுக்கினு, பொய் சொல்லிட்டுப் போறாங்க. நீ இன்னாடான்னா ஒரு வார்த்த வாங்கன்னுகூடச் சொல்லாம உள்ளாறவே நின்னுக்கினு கீற."

நீங்கள் ஜூலையில் சொன்னதை ஒரே நாளில் நம்பினார்கள். இதை நம்ப மாட்டார்கள். உங்கள்மேல் அவ்வளவு மரியாதை. இனிமேல் இதற்காக வர வேண்டாம்.

நான் மணிமங்கலம் போகவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது, எடுத்துக்கொண்டும் போக முடியாது. கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்குத் தெருவைத் தாண்டும்போது முழித்துக்கொள்கிறேன். அதற்குமேல் தூக்கம் வருவதில்லை.

வியாழக்கிழமை குழந்தையை ஆஸ்பத்திரியில் காட்டினோம். எடை போதவில்லை, ரத்தமும் குறைவு என்றார்கள். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டமாக இருந்தது, அந்த நர்ஸும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பாட்டில் இப்போது அத்தை கையில் இருக்கிறது.

அதை எத்தனை சொட்டு, எப்போது கொடுக்க வேண்டும், எதோடு கொடுக்கலாம், எதோடு கொடுக்கவே கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கீழே உங்கள் ஆபீஸ் சீலைப் போட்டு, சூசையம்மாள் டீச்சரிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் அத்தைக்குப் படித்துக் காட்டுவார். நான் சொன்னதாக இருக்க வேண்டாம். நீங்களே சொன்னதாக இருக்கட்டும்.

வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தென்றல்